பிளான்ட்டுக்குள் புதிதாக வருபவர் உபகரணங்களைப் படிப்பது எப்படி

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து முதல் வேலைக்கு வருகிறவர்களைப் பிளான்ட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது இப்போது என் வேலை. அதற்கு முன்னால் நெடுங்காலம் ஷிப்டில் இருந்தவன் நான். வருகிறவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரிகிறது. கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் வடிகோபுரத்துக்கு எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்டால் உடனே கிராஃப் போட்டு விடுவார்கள். பம்ப் முன்னால் நிறுத்தி, "இதில் சக்ஷன் எது, டிஸ்சார்ஜ் எது?" என்றால்தான் தயக்கம் வருகிறது. பெரிய குழாய் சக்ஷன் (திரவம் உள்ளே வரும் பக்கம்), சிறியது டிஸ்சார்ஜ் (வெளியே போகும் பக்கம்) என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் மறக்காது. இப்படி யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த உபகரணத்தின் முன் நின்றாலும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: உள்ளே வந்தது எங்கே போகிறது? எடைக்கும் இந்தக் கேள்விதான், வெப்பத்துக்கும் இதேதான். வந்ததும் போனதும் சமமாக இல்லையென்றால் மீதி உள்ளேதான் சேர்கிறது, அல்லது வெளியே எங்கோ கசிகிறது. மூன்றாவது வழி கிடையாது.

சர்க்கரைக் கரைசலைக் காய்ச்சும் ஆவியாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 1000 கிலோ, 10 சதவீதக் கரைசல் உள்ளே வருகிறது. 40 சதவீதமாக வெளியே வேண்டும். சர்க்கரை ஆவியாகாது. ஆக உள்ளே வந்த 100 கிலோ சர்க்கரை அப்படியே வெளியே வந்தாக வேண்டும். 100 கிலோ என்பது 40 சதவீதம் என்றால் மொத்தம் 250 கிலோ. மீதி 750 கிலோ தண்ணீர் ஆவியாகப் போயிருக்க வேண்டும். கிலோவுக்கு 2257 கிலோஜூல் வீதம் பார்த்தால், ஆவியாக்க மட்டுமே சுமார் 470 கிலோவாட் வெப்பம். ஒற்றை நிலை ஆவியாக்கியில் ஒரு கிலோ தண்ணீரை ஓட்ட ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே நீராவி செலவாகும். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுவிடலாம். போட்டுவிட்டுப் போய் மீட்டரைப் பார்த்தால், எந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறது, எது தப்பு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

(முதல் ஆவியாக்கியிலிருந்து கிளம்பும் ஆவியை வீணாக்காமல், குறைந்த அழுத்தத்தில் ஓடும் அடுத்த ஆவியாக்கியைச் சூடாக்கப் பயன்படுத்தலாம் என்று நோர்பர்ட் ரில்லியூ 1843-இலேயே காப்புரிமை வாங்கினார். அதே நீராவியில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேலை. சர்க்கரை ஆலைகள் இன்றும் அந்த முறையில்தான் ஓடுகின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.)

ஆலை எதைச் செய்தாலும் உள்ளே நடப்பது சில அடிப்படை வேலைகள்தான்: நகர்த்துவது, சூடாக்குவது, குளிர்விப்பது, கலப்பது, பிரிப்பது, வினைபுரிய வைப்பது. இவற்றுக்கு 'யூனிட் ஆபரேஷன்ஸ்' என்று 1915-இல் பெயர் கொடுத்தவர் ஆர்தர் டி. லிட்டில். அதனால்தான் பெட்ரோலிய ஆலையில் பம்பைப் படித்தவர் மருந்து ஆலையில் போய் விழிக்க வேண்டியதில்லை.

வரைபடமும் கையுமாக நடங்கள்

முதல் வாரம் உட்கார்ந்து படிப்பதற்கில்லை, லைன் டிரேஸ் செய்வதற்கு. குழாய், வால்வு, கருவி எல்லாவற்றையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தின் நகல் ஒன்றையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் டேங்கில் தொடங்கி, குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டே, பொருள் வெளியேறும் இடம்வரை நடங்கள். ஒவ்வொரு வால்விலும் நின்று அது வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட் வால்வா, குளோப் வால்வா, பால் வால்வா என்று பெயர் சொல்லிப் பழகுங்கள். கேட் வால்வு முழுசாகத் திறக்க அல்லது முழுசாக மூட மட்டும். அதைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் அதன் இருக்கை அரித்துப்போய், மூட வேண்டிய நாளில் மூடாது. கட்டுப்படுத்த குளோப் வால்வு இருக்கிறது. ஓட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். அது ஓட்டத்தின் திசையோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

களத்தில் இருப்பதும் வரைபடத்தில் இருப்பதும் ஒத்துப்போகாத இடம் கட்டாயம் கிடைக்கும். சிவப்பில் குறித்து, அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். இது வெறும் காகித வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் வெடிப்பு நடந்து 28 பேர் இறந்தார்கள். வரிசையாக இருந்த ரியாக்டர்களில் ஐந்தாவதில் விரிசல் விட்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள். அழுத்தத்தில் அந்தக் குழாய் எப்படி வளையும், அதை எது தாங்கும் என்று யாரும் முறையாகக் கணக்குப் போடவில்லை. தற்காலிகம் என்ற பெயரில் போட்ட எந்தக் குழாயைக் கண்டாலும் அதற்கான அனுமதிக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். புதியவர் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

டேங்குகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் சேமிப்பு டேங்க் பார்க்கத்தான் பெரிது, தகடு மெல்லியது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைவிட வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்துக்கு அது மிகவும் பலவீனம். சில மில்லிபார் வெற்றிடமே போதும், உள்ளே மடங்கிவிடும். வென்ட், அதாவது காற்றுப் போக்கும் வாய், அடைத்திருக்கும்போது பம்ப் போட்டு இழுத்தாலும், நீராவியால் கழுவிவிட்டு வென்ட்டை மூடி ஆறவிட்டாலும் இதுதான் நடக்கும். பூச்சு அடிக்கும்போது வென்ட் வாயில் பிளாஸ்டிக் சுற்றிவிட்டுப் பிறகு எடுக்க மறப்பது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. டேங்க் மேலே ஏறினால் முதலில் வென்ட்டைப் பாருங்கள்.

பம்ப்

ஆலையில் அதிகம் தொந்தரவு தருவதும் அதிகம் கற்றுத்தருவதும் பம்ப்தான். பெரும்பாலானவை சென்ட்ரிஃபியூகல் வகை: இம்பெல்லர் சுழன்று திரவத்துக்கு வேகம் கொடுக்கிறது, வெளிக்கூடு அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. இதை ஸ்டார்ட் செய்வதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் மோட்டாரின் மின்சாரம் துண்டித்திருக்கும்போதே ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உரசல் இல்லாமல் சுற்ற வேண்டும். பேரிங் ஹவுசிங்கில் எண்ணெய், கண்ணாடியின் பாதிவரை நிற்க வேண்டும். ஷாஃப்ட் ஓரமாகத் திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்குப் போகும் ஃபிளஷ் லைன் திறந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் சக்ஷன் வால்வை முழுசாகத் திறங்கள். முழுசாக என்றால் முழுசாகத்தான். வெளிக்கூட்டின் மேலிருக்கும் சின்ன வென்ட்டைத் திறந்தால் முதலில் காற்று சீறும், பிறகு துப்பித் துப்பி வரும், பிறகு திரவம் இடைவிடாமல் ஓடும். அந்த இடைவிடாத ஓட்டம் வந்த பிறகு மூடுங்கள். இதுதான் பிரைமிங். உள்ளே இருப்பது அமிலமோ எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானோ என்றால் இந்த வென்ட் மூடிய வடிகாலுக்குத்தான் போயிருக்கும். தரையில் திறந்துவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் வால்வை மூடியோ, கொஞ்சமே திறந்தோ வைத்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப், ஓட்டம் இல்லாதபோது மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும் என்பதால் மோட்டாருக்குச் சுமை குறையும். பிரஷர் கேஜ் முள் சட்டென்று ஏறி ஓர் இடத்தில் நிற்கும். நின்றதும் டிஸ்சார்ஜை மெதுவாகத் திறங்கள், ஒரு கண் அம்மீட்டரில் இருக்கட்டும். முள் ஏறவே இல்லை, அல்லது ஏறி ஆடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், உள்ளே காற்று இருக்கிறது. டிஸ்சார்ஜை மூடியே வைத்து நீண்ட நேரம் ஓட்டவும் கூடாது. மோட்டார் கொடுக்கும் சக்தி வெளியே போக வழியில்லாமல் உள்ளிருக்கும் கொஞ்சத் திரவத்தையே சூடாக்கிக்கொண்டிருக்கும். வெப்பத்துக்கும் அதே கேள்விதான் என்றேன் அல்லவா, அது இதுதான்.

கியர் பம்ப், பிஸ்டன் பம்ப், டயஃப்ரம் பம்ப் போன்றவற்றுக்கு இதற்கு நேர்மாறு. அவை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட அளவைத் தள்ளியே தீரும். டிஸ்சார்ஜ் மூடியிருந்தால் குழாயோ சீலோ வெடிக்கும்வரை அழுத்தம் ஏறும். ஆகவே டிஸ்சார்ஜைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட். பம்ப் எந்த வகை என்று தெரியாமல் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

மோட்டாரின் வயரிங்கில் யாராவது வேலை பார்த்திருந்தால் சுழலும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்பும் கொஞ்சம் அழுத்தம் காட்டும், கொஞ்சம் ஓட்டமும் தரும். அதனால்தான் அது பல நாள் யார் கண்ணிலும் படாமல் போகிறது. அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவு என்று ஒருவர் கவனித்தால் மட்டும் வெளியே வரும்.

இனி கேவிடேஷன். பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போல் கடகடவென்று சத்தம் கேட்டால் அதுதான். இம்பெல்லரின் கண்ணருகே, அதாவது திரவம் நுழையும் நடுவாயருகே, அழுத்தம் குறைகிறது. திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் அங்கேயே கொதித்துக் குமிழிகள் உண்டாகும். அவை சற்றுத் தள்ளி அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் பொசுக்கென்று உடைந்து உலோகத்தைக் குத்தும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் கடற்பஞ்சு மாதிரி குழி குழியாக இருக்கும். ஏன் சூடான திரவத்தில் இது அதிகம் என்பதை எண்ணோடு பாருங்கள்: வளிமண்டலம் நமக்குக் கொடுப்பது சுமார் 10.3 மீட்டர் தண்ணீர் உயரம். 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரின் ஆவியழுத்தம் அதில் 0.3 மீட்டரைத்தான் தின்னும். 80 டிகிரியில் ஏறக்குறைய 5 மீட்டர் போய்விடும். பாதி கையிருப்பு அங்கேயே காலி. மீதியிலிருந்துதான் குழாய் உராய்வு, வால்வு, குப்பையைத் தடுக்கும் ஸ்ட்ரெய்னர் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். அதனால் சூடான திரவத்துக்கான டேங்க் எப்போதும் பம்பைவிட உயரத்தில் இருக்கும். சத்தம் வந்தால் முதலில் சக்ஷன் ஸ்ட்ரெய்னர், அப்புறம் டேங்க் லெவல், அப்புறம் வெப்பநிலை என்ற வரிசையில் பாருங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் டிஸ்சார்ஜில் குறையுங்கள், சக்ஷன் வால்வைத் தொடாதீர்கள்.

வேகத்தை மாற்றும் டிரைவ் இருக்கிற பம்ப் என்றால் இன்னும் நல்லது. ஓட்டம் வேகத்துக்கு நேர் விகிதம். சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு. 20 சதவீதம் வேகம் குறைத்தால் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். திரவத்தை ஏற்ற வேண்டிய உயரம் அதிகமாக இருந்தால் இவ்வளவு லாபம் கிடைக்காது, ஆனாலும் வால்வை நெரித்து ஓட்டுவதைவிட மேல்.

வெப்பப் பரிமாற்றி

ஷெல் அண்ட் டியூப் வகையைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும். ஒரு திரவம் குழாய்களுக்குள், இன்னொன்று வெளியே, குழாய்களைச் சூழ்ந்த கூடான ஷெல்லில். கடத்தப்படும் வெப்பம் மூன்றின் பெருக்கல்: கடத்தும் கெழு, பரப்பளவு, சராசரி வெப்பநிலை வித்தியாசம். இரண்டு திரவங்களும் எதிரெதிராக ஓடினால் என்ன லாபம் என்று பார்ப்போம். சூடானது 90-லிருந்து 60 டிகிரிக்கு இறங்குகிறது, குளிர்ந்தது 30-லிருந்து 50-க்கு ஏறுகிறது. எதிரோட்டத்தில் ஒரு முனையில் வித்தியாசம் 40, மறுமுனையில் 30. மடக்கைச் சராசரி 34.8. அதே வெப்பநிலைகளோடு ஒரே திசையில் ஓட்டினால் ஒரு முனையில் 60, மறுமுனையில் 10. சராசரி 27.9-க்கு இறங்கிவிடும். அதே வேலைக்கு 25 சதவீதம் அதிகப் பரப்பு வேண்டும். குழாய் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டால் புத்தம்புது பரிமாற்றியே வேலை செய்யாதது போல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

அழுக்கான திரவத்தையும், அரிக்கும் திரவத்தையும், அதிக அழுத்தத்தில் இருப்பதையும் பொதுவாகக் குழாய்களுக்குள் விடுவார்கள். குழாயைத் தூரிகை விட்டுச் சுத்தம் செய்யலாம், ஷெல்லை அப்படிச் செய்ய முடியாது. விலையுயர்ந்த உலோகமும் குழாய்க்கு மட்டும் போட்டால் போதும்.

ஓட்டும்போது: குளிர்ந்த பக்கம் முதலில், சூடான பக்கம் பிறகு. நிறுத்தும்போது சூடான பக்கத்தை முதலில் மூடுங்கள். இரண்டு பக்கமும் வென்ட் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். நீராவியால் சூடாக்கும் பரிமாற்றி மந்தமாக இருந்தால் எல்லோரும் முதலில் குழாய்ச் சுவரில் படியும் அழுக்கான படிவத்தைக் குறை சொல்வார்கள். நான் ஸ்டீம் டிராப்பைப் பார்க்கச் சொல்வேன். நீராவி குளிர்ந்து நீரானதும் அந்த நீரை மட்டும் வெளியேவிடுவது டிராப்பின் வேலை. அது மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் ஷெல்லுக்குள் நீர் தேங்கும், அடிக் குழாய்களெல்லாம் நீரில் மூழ்கிவிடும், நீராவிக்குப் பாதிப் பரப்புதான் மிஞ்சும். டிராப் குளிர்ந்து கிடந்தால் மூடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் நல்ல நீராவி காசு போல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லா டிராப்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். புதியவர் ஒருவர் ஆலைக்குச் சம்பாதித்துக் கொடுக்க இதைவிட எளிய வேலை இல்லை.

படிவத்தைக் கண்டுபிடிக்க அன்றாடம் நான்கு வெப்பநிலைகளையும் இரண்டு பக்க அழுத்த வீழ்ச்சியையும் குறித்து வைத்தால் போதும். கெழு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் படிவம். ஒரே நாளில் விழுந்தால் அது படிவமல்ல, வேறு ஏதோ.

வடிகோபுரம்

கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மிரள வேண்டாம். அடியில் ரீபாய்லர் கொதிக்க வைக்கிறது, உச்சியில் கண்டென்சர் குளிர்விக்கிறது, நடுவில் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் மேலே வரும் ஆவி, கீழே இறங்கும் திரவத்தின் ஊடே குமிழியிட்டுப் போகிறது. அந்தச் சந்திப்பில் எளிதில் ஆவியாவது ஆவியோடு மேலே ஏறுகிறது, ஆவியாகக் கஷ்டப்படுவது திரவத்தோடு கீழே இறங்குகிறது. உச்சியில் குளிர்ந்த திரவத்தின் ஒரு பங்கைத் திருப்பிக் கோபுரத்துக்குள் விடுவதுதான் ரிஃப்ளக்ஸ். அது இல்லையென்றால் மேல் தட்டுகளில் ஆவியைச் சந்திக்கத் திரவமே இருக்காது. தூய்மை வேண்டுமென்றால் ரிஃப்ளக்ஸ் கூட்ட வேண்டும். கூட்டிய ஒவ்வொரு கிலோவையும் ரீபாய்லர் மறுபடி கொதிக்க வைத்தாக வேண்டும் என்பதால் நீராவி செலவும் கூடவே ஏறும். மெக்கேபும் தீலியும் 1925-இல் வெளியிட்ட வரைபட முறையைக் கல்லூரியில் போட்டிருப்பீர்கள். கோபுரத்தின் முன் நிற்கும்போது அந்தப் படிக்கட்டுகளை மனதில் ஓட்டிப் பாருங்கள், தட்டுக்குத் தட்டு வெப்பநிலை ஏன் அப்படி மாறுகிறது என்று புரியும்.

எத்தனால்-தண்ணீர் கலவையில் ஒரு மதில் இருக்கிறது. எத்தனால் 78.4 டிகிரியிலும் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிக்கும். ஆனால் எடையில் 95.6 சதவீத எத்தனால் வந்ததும் கலவை 78.2 டிகிரியில் ஒரே பொருள் போலக் கொதிக்கும். ஆவியும் திரவமும் ஒரே கலவை. அதற்கு மேல் தட்டு போட்டாலும் ரிஃப்ளக்ஸ் கூட்டினாலும் பிரியாது. இதற்கு மேல் போக, தண்ணீர் மூலக்கூறு மட்டும் நுழையும் அளவுக்குத் துளை கொண்ட மூலக்கூறு சல்லடையில் ஆவியை அனுப்புவார்கள். கோபுரம் சொன்னபடி கேட்கவில்லை என்றால், நாம் கேட்பது கோபுரத்தால் முடிகிற காரியமா என்றும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஓட்டத் தொடங்கும் வரிசை இப்படி: கண்டென்சருக்குக் குளிர்நீர் முதலில். அடியில் லெவல் வரும்வரை ஃபீட், அதாவது பிரிக்க வேண்டிய கலவை. பிறகு ரீபாய்லருக்கு நீராவி, மிக மெதுவாக. ஆவி ஏறும்போது தட்டுகளின் வெப்பநிலை கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக உயர்வதைப் பேனலில் பார்க்கலாம். உச்சியில் திரவம் சேர்ந்ததும் முழுவதையும் ரிஃப்ளக்ஸாகத் திருப்பி விட்டு, வெப்பநிலைகள் நிலைக்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளை வெளியே எடுங்கள். அவசரக்காரருக்குக் கோபுரம் ஒத்துவராது.

வெள்ளம் எடுப்பது, அதாவது ஃபிளட்டிங், இப்படித்தான் தெரியும்: கோபுரத்தின் அழுத்த வீழ்ச்சி ஏறுகிறது, அடி லெவல் இறங்குகிறது, உச்சிப் பொருள் கெடுகிறது. அடி லெவல் ஏன் இறங்குகிறது? நம் கேள்வியைக் கேளுங்கள். ஃபீட் வந்துகொண்டே இருக்கிறது, கீழே வரவில்லை. அப்படியென்றால் தட்டுகளின் மேல் தேங்கி நிற்கிறது. வேகமாக ஏறும் ஆவி திரவத்தை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. பொருள் கெட்டுவிட்டதே என்று ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் வெள்ளம் இன்னும் ஏறும். ரீபாய்லர் நீராவியைக் குறையுங்கள், ஃபீடைக் குறையுங்கள், இறங்கவிடுங்கள். நேர்மாறாக ஆவி மிகக் குறைந்தால் தட்டின் துளைகள் வழியே திரவம் ஒழுகிவிடும், பிரிப்பு நடக்காது.

இன்னொன்று. உச்சி வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டு கோபுரத்தை ஓட்டாதீர்கள். உச்சியில் ஏறக்குறையத் தூய பொருள் இருப்பதால் அங்கே அசுத்தம் ஏறினாலும் முள் அசையாது. அசையும்போது காரியம் கெட்டிருக்கும். சில தட்டுகள் கீழே, கலவை வேகமாக மாறும் இடத்தில் ஒரு வெப்பமானி இருக்கும். அது முன்கூட்டியே சொல்லிவிடும். எந்தத் தட்டு என்று பழைய ஆபரேட்டரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

ரியாக்டர்

கலக்கி வைத்த பாத்திரம், நீண்ட குழாய், வினையூக்கி நிரப்பிய படுகை என்று வகைகள் பல. புதியவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது வெப்பக் கணக்கு. வெப்பம் உமிழும் வினையில், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொதுவான தோராயம். பாத்திரத்தைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் ஜாக்கெட் எடுத்துச் செல்லும் வெப்பமோ வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். ஒன்று தாவுகிறது, மற்றது நடக்கிறது. ஒரு புள்ளிக்கு மேல் பிடிக்க முடியாது.

ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் சாதுவாக நடந்த வினையை 1000 லிட்டர் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தால் கொள்ளளவு 1000 மடங்கு, பரப்பளவு 100 மடங்குதான். ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். "லேபில் ஒன்றுமே ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதனால் ஒரு வினைபொருளை மெதுவாகச் சேர்ப்பார்கள், சேர்க்கச் சேர்க்க அது தீர்ந்துகொண்டே வர வேண்டும். சேர்க்கும் நேரத்தில் வெப்பநிலை எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். சேர்த்தது எங்கே போனது? வினை நடக்காமல் உள்ளே குவிகிறது. கலக்கும் அஜிட்டேட்டர் நின்றிருக்கலாம், வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கலாம். உடனே சேர்ப்பதை நிறுத்துங்கள். குவிந்து கிடக்கும் நேரத்தில் அஜிட்டேட்டரை நீங்களாக மறுபடி போடாதீர்கள், எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து வினைபுரியும். ஷிப்ட் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அஜிட்டேட்டர் நின்றால் ஃபீட் வால்வு தானாக மூடும்படி இன்டர்லாக் போட்டிருப்பார்கள். அதைத் தற்காலிகமாகக்கூட பைபாஸ் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அம்மோனியா தயாரிப்பில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். இரும்பு வினையூக்கியின் மேல், 400 முதல் 500 டிகிரியில், 150 பார் அழுத்தத்துக்கு மேல் ஓடினாலும் ஒரு முறை கடக்கும்போது சுமார் 15 சதவீதம்தான் மாறும். மாறாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுவார்கள். ஃபீடோடு வரும் ஆர்கானும் மீத்தேனும் வினைபுரியாது, வெளியே போக வழியும் இல்லை. சுற்றச் சுற்றச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே சுழற்சியிலிருந்து கொஞ்சம் வாயுவை எப்போதும் வெளியே எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எந்த ஆலையிலும் திரும்பச் சுற்றும் லைனைக் கண்டால், அதிலிருந்து வெளியே எடுக்கும் லைன் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

வடிகட்டி, உலர்த்தி, சைக்ளோன், படிகமாக்கி ஆகியவற்றை அவற்றோடு வேலை செய்யும்போது படித்துக்கொள்ளலாம். தூள் இருக்கும் இடங்களில் வெடிப்பு அபாயம் உண்டு என்பதையும், குழாய், டிரம் எல்லாவற்றுக்கும் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கருவிகள் காட்டுவதை எவ்வளவு நம்பலாம்

அளந்ததைப் பேனலுக்குத் தெரிவிக்க டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்பியர். பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: ஒயர் அறுந்தால் 0 வரும், உண்மையான பூஜ்ய அளவு என்றால் 4 வரும். குழாயில் துளையிட்ட தகட்டை வைத்து அளக்கும் ஆரிஃபிஸ் மீட்டரில் ஓட்டம், அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதம். ஓட்டம் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால்பங்காகிவிடும், அதனால் குறைந்த ஓட்டத்தில் அது காட்டுவதை அதிகம் நம்ப முடியாது. கட்டுப்பாட்டு வால்வுகளில், வால்வை இயக்கும் காற்று நின்றால் எது திறக்கும், எது மூடும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்நீர் வால்வு பெரும்பாலும் திறந்துகொள்ளும், நீராவி வால்வு மூடிக்கொள்ளும்.

லெவல் மீட்டரைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. நிறுத்தி வைத்திருந்த சுமார் 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை ஓட்டத் தொடங்கினார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஃபீட் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, அடியிலிருந்து எதுவும் வெளியே எடுக்கவில்லை. லெவல் டிரான்ஸ்மிட்டரால் அளக்க முடிந்தது அடியிலுள்ள சுமார் 3 மீட்டரை மட்டுமே. திரவம் அதைத் தாண்டி எங்கோ மேலே போய்விட்டது. திரவம் சூடாகி அடர்த்தி குறைந்ததால், முழுக்க மூழ்கிய அந்தக் கருவி லெவல் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. கோபுரம் உச்சிவரை நிறைந்து வழிந்து, தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். உள்ளே போகும் ஓட்டமும் வெளியே வரும் ஓட்டமும் பேனலில் வேறு வேறு திரைகளில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

ஆகவே ஷிப்ட் எடுத்தவுடன் செய்ய வேண்டியது: ஒரு தாளில் உங்கள் பகுதிக்குள் வரும் ஓட்டங்களை இடதுபக்கம் எழுதுங்கள், வெளியே போவதை வலதுபக்கம். டேங்க் லெவல் மாற்றங்களைக் கிலோவாக்கி நடுவில் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மீட்டர்களின் பிழைக்கு இரண்டு மூன்று சதவீதம் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், பேனலை விட்டு எழுந்து, டார்ச்சையும் வாக்கிடாக்கியையும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், லெவலைக் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸை நேரில் பாருங்கள். அது அழுக்குப் படிந்து தெரியவில்லை என்றால் மேல்கீழ் வால்வுகள் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, அதைச் சுத்தம் செய்ய வேலைச் சீட்டு எழுதிவிட்டு, லாக் புக்கில் நேரத்தோடு பதிந்து, அடுத்த ஷிப்ட் ஆளிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.